வீல் நட்டில் துரு: இறுக்கத்தின் கணக்கு

கார்ச் சக்கரத்தின் நட்டில் துரு தெரிந்தால் டயர் கடைகளில் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். "மேல் துருதான் சார், ஒண்ணும் பண்ணாது" என்பது ஒன்று. எதுவும் சொல்லாமல் மரையில் கிரீஸை அப்பி மாட்டிவிடுவது இன்னொன்று. முதல் பதில், நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட்டின் வலிமையைப் பற்றியது. அந்த அளவில் பெரும்பாலும் சரியும்கூட. இரண்டாவது, அடுத்த முறை கழற்றுவது சுலபமாக இருக்கட்டும் என்ற அக்கறையில் செய்யப்படுவது. ஓடும்போது சக்கரத்தைப் பிடித்துவைத்திருப்பது எது என்ற கேள்வியை இரண்டுமே தொடவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், துருவைப் பற்றிய நம் கவலை இடம் மாற வேண்டியிருக்கிறது. துரு ஸ்டட்டை அரிப்பதால் வரும் ஆபத்தைவிட, நட்டின் இறுக்கத்தைப் பற்றி அது நமக்குத் தவறான கணக்கைக் காட்டுவதால் வரும் ஆபத்து பெரிது.

காரின் எடையை ஸ்டட்டுகள் குறுக்காகத் தாங்குகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சரியாக இறுக்கிய சக்கரத்தில் அப்படி நடப்பதில்லை. நட்டை முடுக்கும்போது ஸ்டட் நீளவாக்கில் இழுபடுகிறது. இழுபட்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த விசை சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. எடை, பிரேக், திருப்பம் எல்லாமே அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வின் வழியாகத்தான் கைமாறுகின்றன. கார்களில் பரவலாக உள்ள 12 மி.மீ. ஸ்டட்டை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த, சுத்தமான மரையில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால் சுமார் 42,000 நியூட்டன், அதாவது 4 டன்னுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசை கிடைக்கும். ஸ்டட் அப்போது நீளும் அளவு ஏறக்குறைய 0.06 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன். நான்கு நட்டுள்ள சக்கரத்தில் நான்கு முடியளவு நீட்சிதான் முழுக் காரியத்தையும் பார்க்கிறது.

நாம் கொடுக்கும் முறுக்கில் எவ்வளவு இந்த நீட்சிக்குப் போகிறது என்று பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய பாதி, நட்டு உட்காரும் முகத்தின் உராய்விலேயே தீர்ந்துபோகிறது. மீதி நான்கு பங்கு மரையின் உராய்வுக்கு. ஆகவே டார்க் ரெஞ்ச் 100 என்று காட்டி 'கிளிக்' சொல்வது முக்கியமாக உராய்வைத்தான் அளக்கிறது. இழுவிசையை நாம் அதிலிருந்து ஊகிக்கிறோம். மரை துருப்பிடித்து உராய்வு ஒன்றரை மடங்கானால், அதே கிளிக் வரும். ஆனால் இழுவிசை 42,000 நியூட்டனிலிருந்து 28,000-க்கு இறங்கிவிடும். கை இறுக்கமாகத்தான் உணரும், நட்டு நகராது, சக்கரம் மட்டும் தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கும்.

தளர்வான பிடிப்பில் என்ன நடக்கும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, பிடிக்கப்பட்ட இரு பரப்புகள் பக்கவாட்டில் நழுவுவதுதான் நட்டைக் கழல வைக்கிறது என்று அவர் காட்டினார். அழுத்தம் போதுமானதாக இருக்கும்வரை சக்கரம் ஹப்பின் மேல் நழுவாது. குறைந்துவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் மிகச் சிறிதாக நழுவும். நட்டும் மெல்ல மெல்லப் பின்னால் திரும்பும். அதோடு, நன்றாக இழுபட்டிருக்கும் ஸ்டட் சாலையின் ஏற்ற இறக்க விசைகளைப் பெரிதாக உணராது. இழுவிசை குறைந்த ஸ்டட்டோ சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும். துரு தோண்டிய சிறு குழி ஒன்றிலிருந்து விரிசல் தொடங்குவது அந்த நிலையில்தான். சுற்றிலும் பத்தில் ஒரு மி.மீ. துருவில் போனாலும் 12 மி.மீ. ஸ்டட் இழப்பது அதன் குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய 4 சதவீதம். அது மட்டும் ஸ்டட்டை உடைக்காது. தளர்ந்த பிடிப்பும் குழிவிழுந்த மரையும் சேரும்போது உடைக்கும்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதில் குளிர்நாட்டு அனுபவமும் நம் கடலோர அனுபவமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: உப்பு. கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், ஸ்காண்டிநேவியா ஆகிய இடங்களில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். நமக்குக் காற்றே கொண்டுவருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் கடலோரத்தில் நட்டின் மேல் படிந்த உப்பு உச்சி வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. மரையின் இடுக்கில் புகுந்த ஈரம் நுண்துளை ஈர்ப்பால் அங்கேயே தங்கிவிடும். துரு, அது உருவான இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி நிரம்ப அதிகக் காலம் தேவைப்படாது.

காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடலோர ஊரான மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தை அளந்துவருகிறது. இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தையும் அதுவே தயாரித்தது. உலக அளவில் காற்றின் அரிக்கும் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 தரம் வகைப்படுத்துகிறது. அதில் கடுமையான கடலோரங்கள் சேரும் ஐந்தாம் வகையில், துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். நட்டுகளில் சாதாரணமாகப் பூசப்படும் துத்தநாகத்தின் தடிமனோ 5 முதல் 8 மைக்ரான். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவே ஓடும் வண்டியின் நட்டில் பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. உப்பு லாரிகளும், ஐஸ் தண்ணீர் ஒழுக மீன் ஏற்றும் வேன்களும் இதைவிட மோசமான நிலையில் ஓடுகின்றன. சென்னையில் 2015-லும், தூத்துக்குடி வட்டாரத்தில் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் என்ஜினையும் ஒயரிங்கையும் பார்த்தவர்கள் உண்டு. நட்டைக் கழற்றி மரையைப் பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் குளிர்நாட்டுக்காரர்கள் நம்மைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். குளிர்கால டயர், கோடைக்கால டயர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதால் நட்டு அசைந்துகொண்டே இருக்கிறது. இங்கே டியூப்லெஸ் டயர் வந்த பிறகு பஞ்சரைச் சக்கரத்தைக் கழற்றாமலேயே அடைத்துவிடுகிறார்கள். டயரை இடம் மாற்றிப் போடுவதையும் தள்ளிப்போட்டால், ஒரு நட்டு வருடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு நடுராத்திரி நெடுஞ்சாலையில் ஸ்டெப்னி மாட்ட வேண்டிய நேரத்தில்தான் அது வராது.

நட்டின் வடிவமும் முக்கியம். திறந்த நட்டில் ஸ்டட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டு மழையிலும் சேற்றிலும் துருப்பிடிக்கும். மூடிய நட்டில் முனை பத்திரமாக இருக்கும், ஆனால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. அலங்காரத்துக்காக எஃகு நட்டின் மேல் மெல்லிய குரோம் அல்லது ஸ்டெயின்லெஸ் தொப்பி போர்த்திய இரட்டை நட்டுகள் தனித் தொல்லை. தொப்பிக்குள் துரு பருத்து நட்டு உப்பிவிடும். ஸ்பேனர் ஏறாது, ஏறினாலும் தொப்பி மட்டும் சுழலும். அமெரிக்காவில் இந்த நட்டுகளுக்காக வாகன உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். ஒரே துண்டில் கடைந்த நட்டு அழகில் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே வாங்க வேண்டும் என்பேன். அலாய் வீல் என்றால் இன்னொன்றும் சேர்கிறது. அலுமினியமும் எஃகும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் தன்னைக் கொடுத்து அரிபடும். ஹப்பின் நடுவளையத்தில் வெள்ளைப் பொடி படிந்து, நட்டெல்லாம் கழன்ற பின்னும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொள்ளும்.

கழற்றும் வேலையில் அவசரம்தான் அதிகம் கெடுக்கிறது. திறந்த நட்டென்றால் முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பெரும்பாலான இடங்களில் செய்வதில்லை. நட்டு வெளியே வரும் வழி அந்தத் துருப்பிடித்த மரைதான். துரு நட்டுக்குள் அரைபட்டு, பாதி வந்த நட்டு அங்கேயே இறுகிவிடும், பிறகு ஸ்டட்டே முறுகி ஒடியும். தேய்த்த பின் ஊடுருவும் எண்ணெயை நட்டின் இரு பக்கமும் விட்டுக் காத்திருக்க வேண்டும், முடிந்தால் ஓர் இரவு. அது பிரேக் டிஸ்க்கிலோ டிரம்முக்குள்ளோ போகாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். பட்டறைகளில் மண்ணெண்ணெயோ டீசலோ விடுவது வழக்கம். மெதுவாக என்றாலும் வேலை செய்யும். புகழ்பெற்ற டபிள்யூ.டி.-40, 1953-இல் சான் டியேகோவில் அட்லஸ் ஏவுகணையின் உடலிலிருந்து நீரை விலக்குவதற்காக உருவானது. துருவுக்குள் ஊடுருவவென்றே செய்த எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன. இறுகிய நட்டுக்கு அவற்றைத்தான் நான் விரும்புவேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். ஆறு பக்கமும் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பேனரும் நீண்ட கைப்பிடியும் தேவை. பன்னிரண்டு முனை பாக்ஸ் துருப்பிடித்த நட்டின் மூலைகளை வழித்துவிடும். நட்டு கால் சுற்று வந்து மறுத்தால் வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. திரும்ப உள்ளே முடுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் சற்று அதிகமாகத் தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். நட்டின் தலையில் நேராகச் சில சுத்தியல் அடிகள் கொடுத்தால் துருவின் பிணைப்பு விரிசல்விடும். ஹப்போடு ஒட்டிய சக்கரத்துக்கு ஒரு வழி உண்டு: எல்லா நட்டுகளையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஜாக்கியை இறக்கி, காரைச் சில அடி மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தினால் பிடி விடும். ஜாக்கியில் நிற்கும் காரின் சக்கரத்தை அடியில் படுத்துக்கொண்டு உதைப்பதை யாரும் செய்யக் கூடாது.

எதற்கும் அசையாத நட்டுக்குக் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது நம் பட்டறைகளில் சாதாரணம். நட்டு விரிந்து துரு உடைவதால் அது வரும் என்பது உண்மை. அதன் விலையைச் சொல்வதில்லை. ஸ்டட்டுகள் பெரும்பாலும் 10.9 வகுப்பு எஃகு. கடினமாக்கி, பின் குறைந்தது 425 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தியே அந்த வலிமை வருகிறது. நட்டு செந்நிறம் காட்டும்போது வெப்பம் அதைத் தாண்டிவிட்டது. ஸ்டட் பழைய ஸ்டட் அல்ல. பேரிங் கிரீஸும் ஏ.பி.எஸ். சென்சாரும் பக்கத்திலேயே இருக்கின்றன. தீக்குப் பதில் மின்தூண்டல் சூடேற்றி இருந்தால் வெப்பம் நட்டோடு நிற்கும். எப்படிச் சூடாக்கினாலும், சிவந்த நட்டும் அதன் ஸ்டட்டும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அமிலம் இன்னும் மோசம். துருவைக் கரைக்கப் பழைய நட்டுகளைக் கழிவறை ஆசிட்டில் ஊறவைக்கும் பழக்கம் இருக்கிறது. பளபளவென்று வெளுத்து வரும். அந்த வேதிவினையில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, மிகக் கடினமான எஃகை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். இறுக்கிய பின் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து எச்சரிக்கையில்லாமல் ஒடியலாம். இதே காரணத்தால்தான் மின்முலாம் பூசிய வலிமையான போல்ட்டுகளை ஆலைகளில் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். முலாம் குளியலே தேவைப்படாத துத்தநாகச் செதில் பூச்சு இன்று பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய பூச்சுகளில் இருந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை ஐரோப்பிய ஒன்றியம் வாகனங்களில் தடை செய்தது மற்றொன்று. 2000-ஆம் ஆண்டின் ஆணை அது. பூச்சுகளை ஒப்பிட 5 சதவீத உப்புநீரை 35 டிகிரியில் தெளிக்கும் சோதனை இருக்கிறது. அதில் இத்தனை மணி தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை ஆண்டுக்கணக்காக மாற்றிப் படிக்க முடியாது. ஒரு பூச்சை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பயன்படும்.

கழற்றிய பின் எதை வைத்துக்கொள்வது? பிரஷ் போட்டதும் மரையின் முகடு கூர்மையாகத் தெரிந்து, நட்டு முழு நீளமும் விரலாலேயே சுழன்று உள்ளே போனால் பயன்படுத்தலாம். குழி தெரிந்தால், ஓரிடத்தில் மரை இழுபட்டு நீண்டிருந்தால், விரலுக்கு நட்டு மறுத்தால், மாற்ற வேண்டும். பழைய மரையைச் சரிசெய்ய டை போட்டு வெட்டுவது எஃகை எடுத்துவிடும். வளைந்த மரையை நிமிர்த்த மட்டும் செய்யும் கருவி இருக்கிறது, அதுவே சரி.

இனி, அதிகமாகச் சண்டை நடக்கும் கேள்வி. மரையில் எண்ணெயோ கிரீஸோ, இறுகி ஒட்டுவதைத் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையோ போடலாமா? போடலாம் என்பவர்களின் வாதம் எளிது: அடுத்த முறை கழற்ற முடியும், துருப்பிடிக்காது. கூடாது என்பவர்கள் கையேட்டைக் காட்டுவார்கள். மேலே பார்த்த கணக்கே இங்கும் தீர்ப்புச் சொல்கிறது. உராய்வு குறைந்தால் அதே 100 நியூட்டன் மீட்டரில் இழுவிசை 64,000 நியூட்டனுக்குப் போகும். நன்றாக வழுக்கும் ஆன்ட்டி-சீஸை மரையிலும் நட்டின் இருக்கையிலும் பூசினால் 80,000-ஐத் தாண்டலாம். அந்த ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது 73,000 அளவுதான். எனவே உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு கிரீஸ் போடுவது தவறு. ஆனால் "எண்ணெயே ஆகாது" என்பதும் பொது விதி ஆகாது. வட அமெரிக்க லாரிகளில் ஹப்பை மையமாகக் கொண்ட சக்கரங்களுக்கு மரையிலும், நட்டுக்கும் அதன் வாஷருக்கும் இடையிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லியே 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் குறிக்கிறார்கள். பழைய, உருண்டை இருக்கையுள்ள வகைக்கு அவர்களே உலர்வாக வைக்கச் சொல்கிறார்கள். முறுக்கின் எண்ணும் மரையின் நிலையும் ஒரே கட்டளையின் இரு பகுதிகள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

என் கருத்து இது: கார் கையேடு உலர்வாக என்று சொன்னால் மரையையும் நட்டின் இருக்கையையும் உலர்வாக விட வேண்டும். ஆன்ட்டி-சீஸுக்கு உரிய இடம் ஹப்பின் நடுவளையம். அங்கே மிக மெல்லிய பூச்சு சக்கரம் ஒட்டுவதைத் தடுக்கும், இறுக்கத்தைத் தொடாது. திறந்த நட்டில், இறுக்கி முடித்த பின் வெளியே நீட்டும் மரை முனைக்கு மெழுகோ கிரீஸோ பூசலாம். அப்போது கணக்கு முடிந்துவிட்டது. உராய்வில் அது கலக்காது. உப்புக் காற்றுள்ள ஊர்களில் இந்தச் சின்ன வேலை மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

மாட்டும்போது ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் உள்முகத்தையும் பளிச்சென்று தேய்ப்பது நட்டைத் தேய்ப்பதைவிட முக்கியம். ஸ்டட்டின் நீட்சி 0.06 மி.மீ. என்று பார்த்தோம். முகங்களுக்கு இடையே சிக்கிய துருச் செதிலோ தடித்த பெயின்ட்டோ ஓட்டத்தில் நசுங்கி 0.03 மி.மீ. இறங்கினாலே இழுவிசையில் பாதி போய்விடும். யாரும் நட்டைத் தொடவில்லை, நட்டு திரும்பவும் இல்லை, ஆனாலும் தளர்ந்துவிட்டது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். டயர் கடை ரசீதில் இந்த வரியை அச்சடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பதுதான் வழக்கம். 70 கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் நின்றால் 200 நியூட்டன் மீட்டர் ஆகிறது. டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டாவுக்கு 108 என்பவை கையேட்டு எண்கள். காற்றில் இயங்கும் இம்பாக்ட் கன் இதைவிடப் பல மடங்கு கொடுக்கவல்லது. அதனால் நீண்டுபோன ஸ்டட் அடுத்த முறை கழற்றும்போது ஒடிந்தால், பழி துருவின் மேல் விழுகிறது. கன்னைக் கழற்ற மட்டும் வைத்துக்கொண்டு, மாட்டும்போது கையால் மரை பிடித்து, எதிரெதிர் நட்டுகளாக முடுக்கி, கடைசியில் ரெஞ்ச்சால் முடிக்கும் கடைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடையைத் தேடிப் போவதற்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட்டலாம்.

ஒரு ஸ்டட் ஒடிந்தால் அதன் வேலையை இரு பக்கத்து ஸ்டட்டுகள் சுமந்திருக்கும். லாரித் துறையின் நடைமுறைப்படி, ஒன்று ஒடிந்தால் அதோடு இரு பக்கத்ததையும் மாற்ற வேண்டும். இரண்டோ மேலோ ஒடிந்தால் எல்லாவற்றையும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1997-இல் சட்டம் கொண்டுவந்து, கனரக வாகனத்தின் சக்கரம் கழன்று ஓடினால் 50,000 டாலர் வரை அபராதம் என்று வைத்தது. கவனமாகத்தான் இருந்தேன் என்ற வாதமே அங்கே செல்லாது. கார்களில் புதிய ஸ்டட்டை நட்டை வைத்து இழுத்து உட்கார வைப்பதைவிட பிரஸ்ஸில் அழுத்துவது நல்லது. ஸ்டட்டுக்குப் பதிலாகப் போல்ட் உள்ள ஐரோப்பிய கார்களில் ஒடிந்த துண்டு ஹப்புக்குள் நிற்கும். அதைத் துளையிட்டு எடுப்பது லேத் பட்டறை வேலை, ஹப் மரையும் கெட்டால் ஹப்பையே மாற்ற வேண்டும்.

துருவே இல்லாத ஒரு சிக்கலும் துருவின் பெயரில் வருகிறது. மாருதி கார்களின் மரைக்கு இடைவெளி 1.25 மி.மீ.; டொயோட்டா, ஹூண்டாய், ஹோண்டா கார்களில் 1.5 மி.மீ. இரண்டுக்கும் விட்டம் 12 மி.மீ.தான். மாறிப்போன நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகும். மாட்டுபவர் துரு என்று நினைத்து இம்பாக்ட் கன்னை வைப்பார், புது ஸ்டட்டின் மரையே நாசமாகும். இருக்கையின் வடிவத்திலும் இதே வேறுபாடு உண்டு: பெரும்பாலான ஜப்பானிய, கொரிய கார்களுக்கு 60 டிகிரி கூம்பு, ஹோண்டாவுக்கு உருண்டை முகம். கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான். நட்டு வாங்கப் போகும்போது நன்றாக இருக்கும் பழைய நட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், கடைக்காரரின் முன்னாலேயே மரையையும் முகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்க வேண்டும். புது நட்டைக் காரின் ஸ்டட்டில் வைக்கும்போது கருவி எதுவும் வேண்டாம்; விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும்.